பின்சீட்டு

பாபுராவ் தெருவில் எங்கள் லாட்ஜுக்கு
இரவில் நான்தான் விமானப்படை.
ரிசப்ஷன் மேசைக்கடியில் ஜாய்ஸ்டிக் இருக்கிறது,
காட்பாடிப் பக்கம் படித்து முடித்து ஊர்போன பையன் ஒருவன்
எழுநூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டது.
இடப்பக்கம் இழுத்தால் கொஞ்சம் அதிகமாகவே சாயும்.
பழகிவிட்டது.

பதினோரு மணிக்குமேல் ஷட்டரைப் பாதி இறக்கி
லெட்ஜரை மூடிவிட்டுக் கிளம்புவேன்.
பெயர் போடாத பாலைவனம். இரண்டு டன் குண்டு.
ரேடாருக்குக் கீழே
மணல்மேட்டை உரசியும் உரசாமலும்.
போகும்போது கெட்டிக்காரன்.
பாலத்தை உடைப்பேன், கிடங்கைக் கொளுத்துவேன்,
துரத்தும் ஏவுகணைக்குத் தீப்பொறி தூவித் தப்புவேன்.
இறங்கத்தான் வராது.
பதினாறு மாதத்தில் ஒரு விமானமும்
முழுசாய்த் திரும்பவில்லை.

207 மால்டாக்காரர்கள்.
அப்பாவை வார்டில் சேர்த்தபின் அறையில் ரெஜாவுல் மட்டும்.
கடுகெண்ணெய் மணக்கும் சட்டையோடு
மாடிப்படியில் உட்கார்ந்து என் போரைப் பார்ப்பான்.
வேலூர் வெயில் பகலெல்லாம் சுவருக்குள் இருந்துவிட்டு
நள்ளிரவுக்குமேல்தான் வெளியே வரும்; யாருக்கும் தூக்கமில்லை.
மூன்றாம் நாள் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
இரண்டு பேர் ஓட்டும் விமானம்தானே,
பின்சீட்டு சும்மா கிடந்தது.

எனக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு என்னுடையது.
இந்தியில் இருவருமே ஏழைகள்.
ஜெயவேல் என்றால் ஜொயபேல் என்பான்.
தூங்கும் நோயாளிகளுக்காகச் சத்தத்தை அணைத்திருந்தோம்,
அதனால் உயரத்தை அவன்தான் வாசிக்க வேண்டும்,
ரகசியம்போல், என் பிடரியில்:
பொஞ்சாஷ்.
சொல்லிஷ். (என்ன சொல்ல?)
திரிஷ்.
குறி.

குறி என்கிறானே என்று
கட்டைவிரலை அழுத்திவிட்டேன்.
மிச்சமிருந்த குண்டு
எங்கள் ரன்வேயிலேயே, எங்கள் வயிற்றுக்கடியிலேயே.

திரை வெள்ளையானது.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்,
வந்த நாளாக அவன் பல்லை நான் பார்த்ததில்லை.
பிறகு இரண்டு கையையும் என் முகத்தெதிரே விரித்தான்,
மூடினான், மறுபடி விரித்தான்.
இருபது. அவர்கள் ஊரில் இருபதுக்குக் குரி.
ரகர றகர வித்தியாசமெல்லாம்
இருபது மீட்டர் உயரத்தில்
யாருக்குக் கேட்கும்.

அதற்குப்பின் தினமும் விழுந்தோம்.
பிரேக் பிடிக்காமல், சக்கரம் இறக்க மறந்து,
ஒரு தடவை கரண்ட் போய், இன்வெர்ட்டர் விசிலடிக்க
வானத்திலேயே.
காலை ஐந்துக்கு அவன் சீட்டோடு ஆஸ்பத்திரி வரிசைக்குப் போவான்.
நான் சாவி எண்ணுவேன்.

வியாழக்கிழமை நான் வேலைக்கு வரும்போதே படியில் இருந்தான்.
டாக்டர் எத்தனை நாள் என்கிறார்?
கேட்டது தமிழில்தான். புரிந்தது.
இரண்டு கையையும் விரித்தான்.
மூடினான்.
நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்
இன்னொரு முறை விரியும் என்று.
ஊருக்குக் கூட்டிப்போகச் சொன்னார்களா
என்று கேட்கவில்லை.

அன்றைக்கு எதன்மேலும் போடவில்லை.
குண்டையெல்லாம் சுமந்துகொண்டு சும்மா சுற்றினோம்.
மணலுக்கு நடுவே காய்ந்த ஆறு ஒன்று வந்தது.
பாலாறு என்றேன்.
பாலார் என்றான்.
எரிபொருள் முள் சிவப்பைத் தொட்டதும் திரும்பினோம்.
பொஞ்சாஷ்,
சொல்லிஷ்,
திரிஷ்,
குரி என்றான், என் கட்டைவிரலைத்
தன் கையால் பிடித்துக்கொண்டே.
தொஷ்.

சக்கரம் ஒருமுறை குதித்தது, பிறகு ஓடியது, ஓடி நின்றது.
இதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை,
இதுவரை வந்ததேயில்லை.
எஞ்சினை அணைக்கும் பொத்தான் எது என்று
இருவரும் கீபோர்டில் தேடிக்கொண்டிருந்தபோது
112-ஆம் அறை பக்கெட்டோடு வந்து
சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு என்றது.